வீட்டு போர்டிகோவில் பிக்கப்புக்கு லிஃப்ட் கிட், டயர், ஸ்கிட் பிளேட்: எதில் ஆரம்பிப்பது?

கேள்வி, 2 ஜூன் 2024

என்னிடம் 2022 இசுசூ வி-கிராஸ் பிக்கப் இருக்கிறது. பெங்களூர் ஹொரமாவில் வீடு, கீழே வண்டி நிறுத்த இடம் உண்டு. வண்டியை 2 இன்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்னார்கல் குழாய், முன்பக்கம் இரும்பு பம்பர், கூரை மேல் லைட் பார் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் லீவு போட்டு நானும் என் மச்சானும் மாட்டிவிடலாம் என்று இருக்கிறோம். வீட்டிலேயே செய்த அனுபவம் யாருக்காவது உண்டா? எதில் ஆரம்பிப்பது?

பதில், 3 ஜூன் 2024

தம்பி, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். ஒன்றை மாட்டி, 500 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஐந்தையும் சேர்த்து மாட்டிய பிறகு முன்னால் ஒரு சத்தம் வந்தால் அது எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போய்விடும்.

என்னுடையது 2019 வி-கிராஸ், 2.5 லிட்டர் டீசல், லிங்கராஜபுரத்தில் வீட்டு போர்டிகோவில் நிற்கிறது. மாமனாருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாந்தோப்பு. தார் ரோட்டை விட்டு இறங்கினால் 3 கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஒரு ஓடை. மழை பெய்தால் செம்மண் களியாகிச் சக்கரத்தோடு அப்பிக்கொள்ளும். அந்த 3 கிலோமீட்டருக்காகத்தான் 2022லிருந்து இந்த வேலைகளை எல்லாம் செய்துவருகிறேன்.

நீங்கள் எந்தப் பாதைக்காகச் செய்கிறீர்கள் என்று எழுதவில்லையே. அதைச் சொல்லுங்கள்.

4 ஜூன் 2024

இரும்பு பம்பரை விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. போலீஸ் பிடிப்பார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. முட்டினால் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படிதான் வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள். குறுக்கே ஒரு கனமான இரும்பை சேசிஸோடு பூட்டினால் அந்த அடி நேராக உள்ளே வரும், ஏர்பேக் விரியும் நேரமும் மாறலாம். குறுக்கே வரும் ஆளுக்கு என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நான் செய்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

9 ஜூன் 2024

வீட்டில் செய்வதென்றால் முதல் கேள்வி ஸ்பேனர் பற்றியதல்ல, தரை பற்றியது. பெங்களூரில் தனி வீடுகளின் போர்டிகோ எல்லாம் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். நின்று பார்த்தால் தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்.

2022இல் நடந்ததைச் சொல்கிறேன். பின் ஷாக் மாற்றப் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினேன். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன், முதல் கியரிலும் விட்டிருந்தேன். இரண்டு பின்சக்கரமும் தரையை விட்டு எழும்பிய நொடியில் வண்டி தெருப்பக்கம் நாலு விரல் அளவு நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. நல்ல வேளையாகக் கீழே யாரும் இல்லை, என் பையன் பக்கத்தில்தான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஏன் நகர்ந்தது என்று அன்று ராத்திரி முழுவதும் யோசித்தேன். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்சில் கியரின் பிடியும் பின்சக்கரத்துக்குத்தான் போகும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இரண்டும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்சக்கரத்தில் எந்தப் பிடியும் கிடையாது.

அன்றிலிருந்து தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடுவதில்லை. ஏற்றியதும் சேசிஸுக்குக் கீழே இரண்டு ஜாக் ஸ்டாண்ட். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான். உள்ளே தலையை விடுவதற்கு முன் பக்கவாட்டில் நின்று நன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

10 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஜாக் ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது ஐயா. செங்கல்லும் கூடாது. சுவரில் பரவலாக எடை தாங்கும் கல், ஒரே புள்ளியில் ஒரு டன் ஏறினால் முன்கூட்டி எதையும் காட்டாமல் உடையும். மரம் நசுங்கும்போதாவது சத்தம் கொடுக்கும்.

16 ஜூன் 2024

டயர். தம்பி தனிச் செய்தியில் தன் பாதையைச் சொன்னார். சக்லேஷ்பூர் பக்கம் நண்பரின் காபித் தோட்டமாம். களிமண், ஏற்றம், மழை. அப்படியென்றால் டயரில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 255/60 ஆர்18. நான் போட்டது 265/60 ஆர்18 ஆல் டெரெய்ன், அதாவது மண்ணுக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவான டயர். முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம் விட்டம் இன்ச்சில். கணக்கு இப்படி: பழைய டயரின் முழு உயரம் 763 மில்லிமீட்டர், புதியது 775. வித்தியாசம் 12 மில்லிமீட்டர், சதவீதத்தில் 1.6. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறோம், அவ்வளவுதான். தம்பி சொன்ன 265/65 என்றால் உயரம் 802, வித்தியாசம் 5 சதவீதம். வேகக் கணக்கு தப்பும், கியர் கனக்கும், முழுசாகத் திருப்பும்போது உள்ளே மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு. அந்த உரசலைத் தவிர்க்க லிஃப்ட் வேண்டும், லிஃப்டுக்காக அலைன்மென்ட் மாற வேண்டும் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். சட்டப்படி கேள்வி வராமல் இருக்க வேண்டுமானால் கம்பெனி அளவிலேயே ஆல் டெரெய்ன் கிடைக்கிறதா என்று பாருங்கள். இன்று வாங்குவதாக இருந்தால் நான் அதைத்தான் போடுவேன். எந்த அளவானாலும் டயரின் லோடு இண்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்) பழையதைவிடக் குறையக்கூடாது.

நான் செய்த தவறு, நாலு டயர் மட்டும் வாங்கியது. ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தது. நம் வண்டியின் 4x4இல் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கியர் கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும் 4எச் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஒரு சக்கரம் சின்னதாக இருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் முறுக்காக ஏறும். களியில் சக்கரம் வழுக்கி அதை விட்டுவிடும், தார் ரோட்டில் விடாது. ஆறு மாதம் கழித்து ஐந்தாவது டயரும் வாங்கினேன்.

7 ஜூலை 2024

டயரைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

புது டயர் போட்ட முதல் மழையில், 2022 செப்டம்பரில், தோப்புக்குப் போகும் வழியில் ஓடைக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டேன். மெதுவான, பலமான 4எல் போட்டும் நாலு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுற்றின. மாமனார் குடையோடு வந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, டிராக்டர்ல காத்து குறைச்சுதானே வயல்ல எறக்குவோம்" என்றார். 35 பி.எஸ்.ஐ. இருந்ததை 20க்கு இறக்கினேன். டயர் அகலமாகப் படிந்தது, அதன் ரப்பர் கட்டைகள் களியைக் கவ்வின, வண்டி மெதுவாக ஏறி வந்துவிட்டது.

அன்று பழைய டயரிலேயே காற்றைக் குறைத்திருந்தாலும் வெளியே வந்திருக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆகவே தம்பி, டயர் வாங்குவதற்கு முன் ஒரு காற்று அளவுமானியும், பேட்டரியில் மாட்டும் நல்ல கம்ப்ரஸரும் வாங்குங்கள். குறைத்த காற்றைத் தார் ரோடு வந்ததும் ஏற்றியே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும், வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளவும் செய்யும்.

8 ஜூலை 2024

லைட் பார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் முதல் கர்நாடகப் போலீஸ் கண் கூசும் எல்.இ.டி. விளக்குகளைத் தேடிப் பிடிக்கிறார்கள், நல்ல விஷயம். எங்கள் தோப்புப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள காடு. ராத்திரியில் அதன் முகத்தில் வெளிச்சம் அடிப்பதைப்போல் ஆபத்து வேறில்லை என்பார் மாமனார். அதனால் முன்பக்கம் நான் எதுவும் போடவில்லை. கூடை ஏற்ற இறக்கப் பின்பக்கம் 18 வாட்டில் இரண்டு விளக்கு மட்டும், வண்டி நிற்கும்போது போடுவதற்கு.

நீங்கள் போட்டே தீருவீர்கள் என்றால் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல் போடாதீர்கள். 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதை டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் உருகும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட கால், 87இலிருந்து விளக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு. ஃப்யூஸை விளக்குப் பக்கம் வைத்துவிட்டால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எதையும் காப்பாற்றாது. பானெட்டுக்குள் தீப்பிடிக்க இந்த ஒரு தவறு போதும்.

21 ஜூலை 2024

ஸ்கிட் பிளேட், அதாவது வண்டியின் அடிப்பகுதியைக் காக்கும் தகடு. வீட்டில் செய்வதற்கு இதுதான் ஏற்ற வேலை, ஒரு ஞாயிறு போதும். சேசிஸில் கம்பெனியே விட்டிருக்கும் ஓட்டைகளில்தான் பூட்ட வேண்டும். சேசிஸில் டிரில் போடவோ வெல்டிங் வைக்கவோ ஒருவரையும் விடாதீர்கள்.

2023இல் தெரிந்த லேத்துப் பட்டறையில் 4 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் இரண்டு துண்டு அடித்து வாங்கினேன். 90க்கு 70 சென்டிமீட்டர் துண்டு ஒன்றே 20 கிலோ வரும். மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் 20 கிலோவைப் பிடித்துக்கொண்டு போல்ட் தேடுவது ஒருவரால் ஆகாது. பிளேட்டை ஜாக்கியின் மேல் வைத்து ஏற்றுங்கள், அல்லது மச்சானைக் கூப்பிடுங்கள்.

22 ஜூலை 2024

பிளேட் அடிப்பதற்கு முன் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் நட்டுக்கு நேராக ஓட்டை குறித்துக் கொடுங்கள். நான் குறிக்கவில்லை, முதல் சர்வீசில் முழுவதையும் கழற்ற வேண்டியதாயிற்று. மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு முறை பிளேட்டை இறக்கிப் பாருங்கள். என்னுடையதில் காய்ந்த களியும் மாஞ்சருகும் சேர்ந்து ஒரு கூடை இருந்தது. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் காய்ந்த சருகு கிடப்பது தீ ஆபத்து.

11 ஆகஸ்ட் 2024

இன்று லிஃப்ட் போட்டோம். தம்பியும் அவர் மச்சானும் ஹொரமாவிலிருந்து காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். முதலில் என் வண்டியில் போட்டுப் பார்ப்பது, சரியாக வந்தால் அடுத்த மாதம் அவர் வண்டியில் என்று பேச்சு.

வாங்கியது ஸ்ட்ரட் (முன்பக்கத்து ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது) தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேஸர், 20 மில்லிமீட்டர் கனம். ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நடுவில் பூட்டியிருப்பதால் மேலே 20 வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு உயரும். இந்த வகையில் ஸ்பிரிங்கை அமுக்க வேண்டியதில்லை, அதனால்தான் வீட்டில் செய்யத் துணிந்தேன். ஸ்பிரிங்கைப் பிரித்து உள்ளே வைக்கும் வகை என்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் கை தவறினால் உயிரையே எடுத்துவிடும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம். ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்டைச் சுத்தியலால் நேரே அடிக்காதீர்கள், அது உட்காரும் நக்கிளின் பக்கவாட்டில் அடித்தால் விட்டுக்கொடுக்கும். ஏ.பி.எஸ். வயரையும் பிரேக் ஹோஸையும் முதலிலேயே கிளிப்பிலிருந்து விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்ம் இறங்கும்போது அவைதான் எடையைத் தாங்கும். எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கிய, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இன்றுதான் முழு உழைப்பைக் கொடுத்தது. ஒவ்வொரு போல்டின் அளவையும் மேனுவலில் பார்த்துச் சுவரில் சாக்பீசால் எழுதிவைத்தோம்.

ஆர்ம் புஷ் போல்ட்டுகளை மட்டும் சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்கக்கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷில் இருக்கும் ரப்பர் நாள் முழுக்க முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை காலையில் 510 மில்லிமீட்டர், மாலையில் 551. மூன்று பேரும் ரோட்டில் தள்ளி நின்று பார்த்தோம். நன்றாகத்தான் இருக்கிறது.

15 ஆகஸ்ட் 2024

நேற்று ராத்திரி ஒசூர் ரோட்டில் எதிரே வந்தவர்கள் எல்லாம் எனக்கு லைட் அடித்தார்கள். நான் லோ பீமில்தான் போனேன். அத்திப்பள்ளி வந்த பிறகுதான் புரிந்தது.

முன்பக்கம் மட்டும் 40 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. முன் பின் சக்கர இடைவெளி 3,095 மில்லிமீட்டர். அப்படியானால் வண்டி முழுவதும் 1.3 சதவீதம் மேல்நோக்கிப் பார்க்கிறது. லோ பீமை வழக்கமாக 1 சதவீதம் அளவுக்குத்தான் கீழ்நோக்கி வைத்திருப்பார்கள். அந்தத் தாழ்வு முழுவதையும் ஸ்பேஸர் தின்றுவிட்டது. 25 மீட்டர் தள்ளி வரும் ஆட்டோக்காரரின் கண்ணுக்கு வெளிச்சம் ஒரு அடிக்கு மேல் ஏறியிருக்கிறது. லைட் பார் பற்றி அவ்வளவு பேசிவிட்டு நானே ஒரு வழி முழுக்க அத்தனை பேரின் கண்ணைக் கூசவைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாகச் சுவரில் கோடு போட்டு ஹெட்லைட்டை இறக்கினேன்.

1 செப்டம்பர் 2024

அலைன்மென்ட் பார்த்தாயிற்று. டோ (முன்சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) சரிசெய்ய முடிந்தது, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) எல்லையில் நிற்கிறது, இதற்கு மேல் போல்ட்டில் இடமில்லை. வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவது முன்பைவிட மந்தம். நேற்று தோப்பில் 4எல்லில் ஏறும்போது இடது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒரு பக்கம் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஸ்பேஸர் வைத்ததால் ஆர்ம் முன்பைவிடக் கீழே இறங்குகிறது, ஆக்சிலுக்கு அந்தக் கோணம் தாங்கவில்லை.

தம்பி, உங்கள் வண்டியில் இப்போதைக்கு வேண்டாம். ஆர்டர் கொடுத்திருந்தால் நிறுத்திவையுங்கள்.

2 செப்டம்பர் 2024

ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். லிஃப்ட் எதற்காகப் போட்டேன்? பாதை நடுவில் இருக்கும் மேடு அடியில் தட்டுகிறது என்பதற்காக. எங்கே தட்டுகிறது என்று போடுவதற்கு முன் பார்க்கவில்லை. நேற்றுதான் கீழே படுத்துப் பார்த்தேன். ஸ்கிட் பிளேட்டில் புதிய கீறல் ஒன்றும் இல்லை. கீறல் எல்லாம் பின் ஆக்சிலில், டிஃபரன்ஷியல் உருண்டையின் வயிற்றில்.

பின் ஆக்சில் ஒரே தண்டு, சக்கரத்தோடு பிணைந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் உயரும், அந்த உருண்டை தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தக்கூடியது டயர் மட்டும், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி. என் டயர் கொடுத்தது 6 மில்லிமீட்டர்.

8 செப்டம்பர் 2024

ஸ்பேஸரைக் கழற்றிவிட்டேன். இந்த முறை பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான். ஹெட்லைட்டைப் பழைய கோட்டுக்கு ஏற்றி, அலைன்மென்ட்டும் மறுபடி பார்த்தாயிற்று.

நேற்று மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். இன்று காலை அவரும் தோப்பு ஆள் இருவரும் மண்வெட்டியோடு போய், மேடு உயர்ந்திருந்த மூன்று இடத்தில் ஒரு சாண் வெட்டி அந்த மண்ணைச் சக்கரத் தடத்தில் போட்டு மிதித்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. வண்டியை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

22 செப்டம்பர் 2024

ஸ்னார்கல். மட்கார்டில் ஓட்டை போடும் வேலை, திரும்ப மூட முடியாது. எங்கள் ஓடை முழங்காலுக்குக் கீழேதான், அதனால் நான் போடவில்லை. உங்கள் தோட்டத்தில் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு குச்சியால் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

அதைவிட முக்கியமானது, யாரும் பேசாத ஒன்று: ஆக்சில் பிரீதர், அதாவது ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சிறு துளை. தார் ரோட்டில் ஓடி வந்த ஆக்சில் சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், பிரீதரிலும் சீல் ஓரத்திலும் தண்ணீரை இழுக்கும். கியர் ஆயிலைத் திறந்து பார்த்தால் பால் காபி நிறத்தில் இருக்கும். 2022 மழைக்குப் பிறகு என்னுடையதில் அதைப் பார்த்திருக்கிறேன். ஜே.சி. ரோட்டில் எண்ணெய் தாங்கும் ஹோஸ் இரண்டு மீட்டர் வாங்கி, பிரீதர் வாயிலிருந்து டெயில் லைட் உயரம் வரை கொண்டுபோய்க் கட்டினேன். ஆக்சில் மேலும் கீழும் ஆடும், அதற்கேற்ப ஹோஸைத் தளர்வாக விட வேண்டும். ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு ஆயில் நிறம் மாறவில்லை.

20 அக்டோபர் 2024

பெங்களூரில் விடாத மழை. போர்டிகோவிலேயே பின் ஸ்பிரிங்கான கமான் பட்டைகளை மாற்றினோம், டிரைவர் பக்கம் 15 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. கூடுதல் பட்டை சேர்க்கவில்லை, கம்பெனி அளவிலேயே புதுசு. கூடுதலாக ஒன்று போட்டால் இன்னும் பத்துக் கூடை ஏற்றலாமே என்றார் மாமனார். பட்டை கூடினாலும் ஆர்.சி.யில் எழுதிய எடை கூடாது மாமா, பிரேக்கும் ஆக்சிலும் அதே பழையதுதானே என்றேன். ஒப்புக்கொண்டார்.

பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை இறுக்கியதிலேயே அவை இழுபட்டிருக்கும். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் பட்டை கோணலாக உட்காரும். பட்டை முனையில் இருக்கும் ஷேக்கிள் புஷ்ஷுக்கும் முன்பு சொன்ன அதே விதிதான், தரையில் இறக்கிய பிறகு இறுக்கம்.

21 அக்டோபர் 2024

ஸ்பேஸரை விலைக்குத் தருவீர்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தரமாட்டேன். பரணில் கிடக்கட்டும்.

17 நவம்பர் 2024

தம்பி காற்று கம்ப்ரஸரும், கம்பெனி அளவிலேயே ஐந்து ஆல் டெரெய்ன் டயரும் வாங்கிவிட்டார். போன வாரம் சக்லேஷ்பூர் போய் வந்ததாகச் சொன்னார். 22 பி.எஸ்.ஐ.யில் தோட்டத்து ஏற்றம் முழுவதும் ஏறியிருக்கிறார். ஸ்கிட் பிளேட்டுக்கு அட்டை வெட்டி அளவெடுக்க டிசம்பர் முதல் ஞாயிறு வருகிறார், டிரெய்ன் நட்டு ஓட்டையை நானே குறித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என் வண்டி பட்டை மாற்றிய பிறகு 520 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்று காலை யூ போல்ட் எட்டு நட்டையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பார்த்தேன். ஆறு அப்படியே இருந்தன. டிரைவர் பக்கம் பின்னால் இருக்கும் இரண்டு மட்டும் இன்னும் கால் சுற்று இறுகின. பெயின்ட் மார்க்கரால் எட்டிலும் கோடு போட்டுவிட்டேன். ஆயிரத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.